முதல் கையெழுத்து

மூன்றாம் பக்கத்தின் நகல் பாதி வெளியே வந்ததும் போட்டோஸ்டேட் மெஷின் நின்றுவிட்டது.

தேவிஸ்ரீ பக்கவாட்டுக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு, சுருண்டு கிடந்த தாளை இழுத்தாள். விரல் சுட்டது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மீட்டிங் ரூமில் நான்கு தலைகள் தெரிந்தன. மூன்று, கம்பெனி வக்கீலும் அவருடைய ஆட்களும். நான்காவது, ஜெல் தடவிப் பின்னால் வாரிய தலை, ஸ்டீவினுடையது. மணி பன்னிரண்டு நாற்பது. சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு நான்கு தலைகளும் எழுந்து வெளியே வரும். அதற்குள் மீதிப் பக்கங்களை எடுத்து, மூலத் தாள்களை நீலக் கோப்பில் செருகி, கோப்பை ஸ்டீவின் மேசையில் இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தாக வேண்டும்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். பல்கலைக்கழகம் அனுப்பிய பிராக்டிக்கல் பயிற்சி முடிய இன்னும் இரண்டு வாரம். முடிகிற அன்று ஸ்டீவ் ஒரு மதிப்பீட்டுப் பாரத்தை நிரப்பிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவான். அவன் பேனா எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் அவளுடைய டிகிரியும் சாயும்.

மெஷினின் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். அது இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கெலோரா ஹோல்டிங்ஸில் தட்டினால் வேலை செய்கிற ஒரே பொருள் அதுதான். மற்ற எதைத் தட்டினாலும் "டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். கோலாலம்பூரில், பத்தொன்பதாவது மாடியில், கம்பளம் விரித்த ஆபீஸ் என்றால் அங்கே மூளைக்காரர்கள் குந்தியிருப்பார்கள் என்று நம்பி வந்தவள் அவள். ஆறு வாரத்தில் அவள் கண்டது, ஒரு கடிதத்தை ஒருவர் எழுதி, இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் திருத்தியதைத் திருத்தி, நாலாமவர் முதலில் எழுதியபடியே அனுப்பிவிடுகிற வித்தை. கேன்டீன் விலையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு அதற்கு மீட்டிங் என்று பேர் வைத்தார்கள். அவளுக்குக் கொடுத்த வேலை தாளில் ஓட்டை போட்டுக் கோப்பில் கோர்ப்பது. பதினோரு வருசம் பள்ளிக்கூடம், இரண்டு வருசம் ஆறாம் பாரம், இரண்டரை வருசம் பல்கலைக்கழகம். எல்லாம் ஓட்டை போட.

அந்தக் கூட்டத்திலும் அவள் அதிகம் மட்டமாக நினைத்தது ஸ்டீவைத்தான். பார்க்கிங் பாஸுக்காக அவன் அடையாளக் கார்டை நகலெடுத்தபோது அதில் சிவசாமி என்று இருந்தது. நேம் கார்டிலோ ஸ்டீவ் சாமி. ஆபீஸில் ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டான். தரை துடைக்க வரும் பெத்தம்மாள் அக்கா "பசியாறிட்டீங்களா தம்பி" என்று கேட்டால், காதில் விழாதவன் மாதிரி பேஜரைப் பார்ப்பான். பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் ரசம் ஊற்றிய சோற்றைக் கரண்டியால் அள்ளுவான்; அது இலையில் தப்பித்து ஓடும், இவன் துரத்துவான். பார்க்கிறவர்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அந்தக் கடையில்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் தன் தொழில் ரகசியத்தைச் சொன்னான். கூட வந்த இன்னொரு எக்ஸிகியூட்டிவுக்கு, இங்கிலீஷில், தேவிஸ்ரீயும் கேட்கும்படி. தோட்டத்து ஜனங்களிடம் அறுபது கையெழுத்து வேண்டுமென்றால் அறுபது பேரிடம் பேசக் கூடாது. ஒரே ஆளிடம் பேச வேண்டும். ஒருத்தரும் தாளைப் படிக்க மாட்டார்கள். மேலே முதல் கோட்டில் யார் போட்டிருக்கிறார் என்று மட்டும் பார்ப்பார்கள். அந்த ஆள் போட்டுவிட்டால் மற்றவர்கள் கியூவில் நின்று போடுவார்கள், பெருவிரலை உருட்டுவார்கள், பேனாவையும் துடைத்துத் திருப்பித் தருவார்கள். அந்த முதல் ஆளுக்கு ஏதாவது ஒன்று தேவையாக இருக்கும். என்னவென்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒருவனுக்கு ஸ்பீக்கர் செட், ஒருவனுக்கு மருமகனுக்கு வேலை. கடைசியாகப் போன தோட்டத்தில் ஒரு சென்கூடச் செலவில்லாமல் முடித்தேன் என்று சொல்லி, ஓடிய ரசத்தைக் கரண்டியால் மறித்தான்.

தேவிஸ்ரீ அப்போது சிரித்தாள். அதுதான் இப்போது உறுத்துகிறது. மரியாதைக்காகச் சிரிக்கவில்லை. அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்பதற்காகச் சிரித்தாள். பதினோராங்கட்டைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? திருவிழா பெர்மிட்டானாலும் பள்ளிக்கூடக் கூரைக்கு மனுவானாலும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் தாள் சுற்றி வரும்போது எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி "மொதல்ல யாரு போட்டிருக்கா?" என்பதுதான். ஆடு மாடு கூட முன்னால் போகிறது எங்கே போகிறதென்று ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்கும். அவள் ஜனம் பார்க்காது. அந்தப் புத்தி தனக்கு இல்லை என்பதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு.

நேற்றுதான் ஸ்டாப்ளர் எடுக்க ஸ்டீவ் மேசைக்குப் போனவள் நீலக் கோப்பின் மேல் லாடாங் பாயா செரி என்ற பெயரைப் பார்த்தாள். அரசாங்கத் தாள்களில் பதினோராங்கட்டைத் தோட்டத்தின் பெயர் அது. மஸ்ஜித் தானா ரோட்டில் பதினோராவது மைல் கட்டையில், செம்பனை மரங்களுக்கு நடுவே நான்கு வரிசை லய வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில். பாதிப் பேர் இப்போது பேக்டரி பஸ்ஸில் ஆயர் குரோ போய் வேலை செய்கிறார்கள். ஆனாலும் படுக்க வருவது அந்த லயத்துக்குத்தான். எல்லாப் பக்கத்தின் தலையிலும் மலாயில் அச்சிட்டிருந்த கடிதத்தை நின்றபடியே படித்தாள். கீழே கையொப்பமிட்ட நாங்கள் எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மூன்று மாதத்துக்குள் வீடுகளைக் காலி செய்கிறோம், மாற்று வீடு எதுவும் கேட்க மாட்டோம். கோப்பின் மேல் மஞ்சள் ஒட்டுத் தாளில் ஸ்டீவின் எழுத்து: திங்கள் காலை பத்து மணி, பதிவு.

ஐந்து பக்கம் என்று எண் போட்டிருந்தது. இருந்தது நான்கு. முதல் பக்கம் இப்போது மீட்டிங் ரூமில் வக்கீல் கையில் இருக்கிறது.

ஐந்தாம் பக்கத்தின் நகல் வந்து விழுந்தபோது மீட்டிங் ரூம் கதவு திறந்தது. நகல்களை மடித்துப் பைக்குள் திணித்து, மூலத்தைக் கோப்பில் செருகி, மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் எதிரே ஸ்டீவ் நிற்கிறான். அவன் பார்வை கோப்புக்குப் போயிற்று, அவள் பைக்குப் போயிற்று, அவள் முகத்துக்கு வந்தது. திட்டுவான், பையைப் பிடுங்குவான் என்று பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். அவன் டையைத் தளர்த்தினான். ஆறு வாரத்தில் முதல் முறையாக அவன் வாயிலிருந்து தமிழ் வந்தது.

"ஊருக்கா? போயிட்டு வா. அப்பாவ கேட்டேன்னு சொல்லு."

சுத்தமான தோட்டத்துத் தமிழ். அதில் ஒரு கரண்டிகூட இல்லை.

பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் லிப்டில் இறங்கினாள்.

புடுராயா பஸ் நிலையத்தில் ஒன்றரை மணி மலாக்கா பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நகல்களை மடியில் விரித்துவைத்துத் துப்பறிய ஆரம்பித்தாள். ஸ்டீவ் அப்பாவைக் கேட்டது அவளை அதிகம் உறுத்தவில்லை. அப்பா சாமிக்கண்ணு கோயில் தலைவர். தோட்டத்துக்குள் எந்தக் கார் நுழைந்தாலும் முதலில் அவர் வீட்டு முன்னால்தான் நிற்கும். நானும் உன் ஊருக்குப் போனவன், ஜாக்கிரதை என்று மிரட்டியிருக்கிறான், அவ்வளவுதான். மிரட்டுவதற்குக்கூட முழுசாக நாலு வார்த்தை சொல்லத் துப்பில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கம்வரை நாற்பத்தெட்டுப் பேர். வீட்டுக்கு ஒருவர். குஞ்சம்மா அத்தையின் பெருவிரல் ரேகை, கோட்டைத் தாண்டி வழிந்து. நல்லமுத்து மாமாவின் கையெழுத்து, ஏதோ பாலம் கட்டுவது மாதிரி. பெயர்களை ஒவ்வொன்றாக, லயம் லயமாக, மனசுக்குள் வீட்டு வாசல்களை எண்ணிக்கொண்டே போனாள். சிலாங்கூர் எல்லையைத் தாண்டும்போது கணக்கு முடிந்தது. முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் பதினான்கு பேர். எல்லாம் கோயிலைச் சுற்றி இருக்கும் முதல் லயத்துக்காரர்கள். அப்பா அதில் ஒருவர். எங்கேயாவது ஏழாவதோ எட்டாவதோ இருப்பார், கோயில் காரியம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நம்பியிருப்பார். இன்னொருவர், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ரங்கசாமி.

ரங்கசாமி. நினைத்ததும் பஸ்ஸுக்குள்ளேயே சம்சு சாராய வாடை அடித்தது. காலையில் பெரட்டு எடுக்கிற ஆள், சாயங்காலம் சீனன் கடைப் பின்பக்கம் கவிழ்ந்து கிடக்கிற ஆள். நிர்வாகத்துக்கு எது வேண்டுமானாலும் தலையாட்டிப் பிழைத்த ஆள். அவள் ஆறாம் பாரம் போனபோது, "எத்தன பாரம் படிச்சாலும் கடைசில ஒரு பாரத்துலதான்மா கையெழுத்து போடணும்" என்று எல்லோருக்கும் முன்னால் சிரித்த ஆள். முதல் கோடு அந்த ஆளுடையதாக இல்லாமல் வேறு யாருடையது? மண்டோர் போட்டால் லயம் போடும். என்ன வாங்கியிருப்பார்? ஒரு பாட்டில் போதும். ஒரு சென்கூடச் செலவில்லை என்று ஸ்டீவ் பீற்றிக்கொண்டதே பொய், பாட்டில் கணக்கைக் கம்பெனியில் மறைத்திருப்பான் என்று தீர்மானித்தாள். எல்லாம் அச்சாகப் பொருந்தியது. பொருந்தியதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

பையில் இன்னொரு தாளும் இருந்தது. காலையில் கம்பெனி கம்ப்யூட்டரில் தட்டி, கம்பெனி பிரிண்டரில், கம்பெனியின் நல்ல தாளில் எடுத்தது. விவரம் தெரியாமல் கையொப்பமிட்டோம், அதை மீட்டுக்கொள்கிறோம் என்று மலாயில் ஆறு வரி. கீழே அறுபத்திரண்டு கோடுகள். திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்னால் அது வக்கீல் ஆபீஸ் மேசையில் இருந்துவிட்டால் ஸ்டீவின் நீலக் கோப்பு வெறும் காகிதம். இது தன்னால் முடியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாற்பத்தோரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு, சிபாரிசுக்கு ஒரு கேபிளும் பிடிக்காமல், மார்க்கைக் காட்டியே கெலோராவுக்குள் நுழைந்தவள் அவள். ஹாஸ்டலில் மாமா பேரிலும் சித்தப்பா பேரிலும் இடம் பிடித்த பெண்களை அவள் இன்றுவரை நேராகப் பார்த்துப் பேசியதில்லை.

மலாக்காவில் பஸ் மாறி, மஸ்ஜித் தானாவில் தெரிந்தவர் வேனில் தொற்றி, பதினோராங்கட்டையில் இறங்கியபோது மணி ஐந்தரை. வீட்டில் பையை வைத்ததும் வைக்காததுமாக விஷயத்தை அப்பாவிடம் கொட்டினாள். செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார் சாமிக்கண்ணு. தண்ணீர்க் குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று ஒன்றும் கேட்கவில்லை. இப்பவே கோயிலில் ஆள் கூட்ட வேண்டும் என்று அவள் சொன்னதற்கு, நாளைக்குக் கூட்டலாமே என்றார். நாளைக்கு என்கிற வார்த்தையால்தான் இந்த ஜனம் இப்படிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அவளே போய்க் கோயில் மணியை அடித்தாள்.

கோயில் கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர் கூடினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவிஸ்ரீ கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

"இது கோயிலுக்கு எப்பவும் போடற பாரம் இல்ல. வீட்ட விட்டுப் போறோம்னு நீங்களே எழுதிக் குடுத்தது. மூணு மாசம்தான். வேற வீடு கேக்க மாட்டோம்னும் இருக்கு. இத படிச்சுப் பாத்தவங்க ஒருத்தராச்சும் இருக்கீங்களா?"

பின்வரிசையில் ஒரு குழந்தை இருமியது.

"கோயிலுக்குன்னுதான் புள்ள சொன்னாங்க" என்றாள் குஞ்சம்மா அத்தை.

"யாரு சொன்னா?"

குஞ்சம்மா தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டாள். "சொன்னாங்க."

தேவிஸ்ரீக்கு எரிந்துகொண்டு வந்தது. வீடே போகிறது, அப்போதும் மண்டோருக்குப் பயம். வாய் இருந்தும் ஊமைகள். இவர்களுக்காகவா டிகிரியைப் பணயம் வைத்துப் பஸ் ஏறி வந்தோம் என்று தோன்றியது. கொட்டகைக்கு வெளியே, பைக்கில் சாய்ந்தபடி பீடி குடித்துக்கொண்டிருந்த ரங்கசாமியை நோக்கித் திரும்பினாள்.

"நான் சொல்லட்டா? மொத கையெழுத்து யாரோடதுன்னு எனக்குத் தெரியும். நாலு பக்கம் என் கையில இருக்கு. அதுல உங்க பேரு இல்ல. என்ன மண்டோர் மாமா, ஒரு பாட்டிலா, ரெண்டா? அறுவது குடும்பத்துக்கு அவ்வளவுதானா வெல?"

ஐம்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். வெட்கப்படட்டும் என்று அவள் நினைத்தாள். சின்னப் பெண் ஒருத்தி களுக்கென்று சிரிக்கப்போக, அவள் அம்மா தொடையில் கிள்ளினாள். நல்லமுத்து மாமா மட்டும் தலையைத் தூக்கி, தேவிஸ்ரீயைப் பார்க்காமல், நாற்காலியில் இருந்த அவள் அப்பாவைப் பார்த்தார். ரங்கசாமியும் அங்கேதான் பார்த்தார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பீடியைச் செருப்பில் தேய்த்து அணைத்தார்.

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "நீ கொண்டாந்த பேப்பரு எனக்குத் தேவயில்ல. அவங்ககிட்ட வாங்கு."

பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். திமிரைப் பார் என்று தேவிஸ்ரீ அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் தாளை எடுத்து, கோயில் ரசீது எழுதும் மேசையில் வைத்து, பேனாவை அதன் மேல் வைத்தாள். வரிசையாக வந்து போடும்படி சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. குஞ்சம்மா அரை அடி எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து நின்றாள். ஆறு வரியை மறுபடி படித்துக் காட்டினாள். தலையாட்டினார்கள், புரிந்தது என்றார்கள், நல்லா எழுதியிருக்கு என்றார்கள். முதல் கோடு அப்படியே வெள்ளையாகக் கிடந்தது.

"தலைவரு போடட்டும்மா" என்றார் நல்லமுத்து மாமா. குரலில் ஏதோ ஒன்று கனமாக இருந்தது. "அன்னிக்கும் அப்படித்தானலா. அவரு போட்டா நாங்க போட்டுட்டுப் போறோம்."

அன்னிக்கும் என்றால் என்றைக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பழக்கம்தானே. திருவிழா பெர்மிட்டிலிருந்து அப்படித்தானே.

"அப்பா" என்றாள். "நீங்க வந்து போடுங்க."

சாமிக்கண்ணு எழுந்தார். மேசைவரை வந்தார். பேனாவை எடுத்தார். எடுத்து, அதை உருட்டிப் பார்த்து, வாங்கிய கடைக்காரனிடம் திருப்பித் தருகிற மாதிரி மகளிடம் நீட்டினார்.

"வீட்டுக்குப் போயி பேசிக்குவோம்."

அவ்வளவுதான். பாயைச் சுருட்டுகிற மாதிரிக் கொட்டகை காலியாயிற்று. பிறகு வருகிறோம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. பேக்டரியில் முதலாம் ஷிப்ட் விட்ட மாதிரி, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். தேவிஸ்ரீ தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஸ்டீவ்மேல் இருந்த கோபம், ரங்கசாமிமேல் இருந்த அருவருப்பு, போகிற முதுகுகள்மேல் இருந்த இளக்காரம் எல்லாம் திரண்டு ஒரே ஒரு முதுகில் வந்து நின்றது. அது அவளுக்கு முன்னால், சட்டையில் செம்பனைக் கறையோடு, கொஞ்சம் வேகமாகவே நடந்துகொண்டிருந்தது. வேலைக்காரன் புத்தி என்று நினைத்தாள். கோயில் தலைவர் என்று பேர், ஒரு மண்டோருக்குப் பயந்து ஒரு கோடு போடத் தைரியமில்லை. நினைத்ததை வீட்டு வாசற்படியிலேயே சொல்லியும்விட்டாள்.

அடுப்பில் அம்மா ஜானகி நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். மகள் சொன்னது காதில் விழுந்தது; திரும்பவில்லை. அடுப்பை மட்டும் குறைத்தாள். சாமிக்கண்ணு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். லோரியில் ஏறி இறங்கி வீங்கிய முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மண்டோர நீ அப்படி கேட்டிருக்கக் கூடாது."

"ஏன் கேக்கக் கூடாது? அந்த ஆளுதான மொதல்ல—"

"அவன் போடவே இல்ல தேவி."

நெத்திலி எண்ணெயில் சீறியது.

"அறுவத்தி ரெண்டு கோட்டுல அவன் பேருல ஒரு கோடு வெறுமனதான் கெடக்கு. அவன் ஒருத்தன்தான் அத வாங்கி முழுசா படிச்சான். அன்னிக்கு அவன் குடிக்கலகூட. வீட்ட புடுங்கறானுங்கடான்னு கொட்டகைல நின்னு கத்துனான். எல்லாரும் என்னப் பாத்தாங்க." அவர் முழங்காலை அழுத்தினார். "குடிகாரன் பேச்ச கேக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

அப்போதும் தேவிஸ்ரீயின் மூளை பஸ்ஸில் ஓடிய மாதிரியே ஓடியது. முதல் லயம். பதினான்கு பேர். ஒருவன் போடவில்லை. ஐம்பது பேர் தரையைப் பார்த்தார்கள். நல்லமுத்து மாமா நாற்காலியைப் பார்த்தார். அன்னிக்கும் அப்படித்தான்.

"உங்களுக்குத் தெரியாமத்தான போட்டீங்க" என்றாள். கேள்வியாகக் கேட்க வாய் வரவில்லை. "கோயிலுக்குன்னு அவன் சொன்னான், நீங்க நம்பிட்டீங்க. அப்படித்தானப்பா?"

"கோயிலுக்குன்னு சொல்லச் சொன்னான். சொன்னேன்."

"ஏன்?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். சட்டியை இறக்காமல், முதுகைக் காட்டியபடியே, "சொல்லிடுங்க" என்றாள்.

சாமிக்கண்ணு முழங்காலைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கார் வந்து நின்றது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த மனுசன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, இதே ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மா போட்ட காபியை நல்லாயிருக்கு என்று குடித்தான். கையால்தான் முறுக்கு எடுத்துத் தின்றான். தானும் நெகிரி செம்பிலான் பக்கம் தோட்டத்துப் பிள்ளைதான் என்றான். பெட்டியைத் திறந்து இரண்டு தாள் எடுத்தான். ஒன்று, கோடு போட்ட தாள். இன்னொன்று இங்கிலீஷில் இருந்தது. இவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் யாருடையது என்று பார்த்ததும் தெரிந்தது.

"மேல ஒன் படம் ஒட்டியிருந்துச்சு. ஸ்டூடியோவுல எடுத்தமே, நீலச் சட்ட போட்டு, அது. உங்க மகதானா, வேல கேட்டு ஆபீஸுக்கு முன்னூறு லெட்டரு வந்திருக்கு, இது குப்பக் கூடைல கெடந்துச்சு, ஊருப் பேரப் பாத்து எடுத்தாந்தேன்னான். நல்ல மார்க்கு, கேட்க ஆளில்லன்னா குப்பதான்னான். வேற ஒண்ணும் சொல்லலம்மா. மெரட்டல. போடுன்னுகூட சொல்லல. பேனாவ தொறந்து குடுத்தான்."

வெளியே எங்கோ ஒரு பைக் கடந்து போயிற்று. ரங்கசாமியுடையதாகவும் இருக்கலாம். தேவிஸ்ரீயின் கையில் இருந்த வெள்ளைத் தாள், கம்பெனியின் நல்ல தாள், விசிறி அடித்த காற்றில் படபடத்தது. அவள் அதைக் கீழே வைக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை.

"இங்கதான் மேசயே இல்லயே" என்றார் சாமிக்கண்ணு. "மடியில வச்சுதான் எழுதணும். தாளு லேசு, கிழியும்னு ஒன் லெட்டரத்தான் அடியில வச்சுக் குடுத்தான் அவன். நான் அழுத்தி எழுதறவன். நடுவுல பேனா எதுலயோ ஏறி எறங்குச்சு. என்னடான்னு பாத்தா, ஒன் போட்டோ ஒட்டியிருந்த மேடு. ஆபீஸுல மொத பக்கத்த எடுத்துப் பாரு. எம்பேரு அந்த எடத்துல கோணிக்கிட்டு இருக்கும்."